உயிரோடு பிறந்தவை

ஐம்பத்தாறாம் வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி தெற்குத் தாலுகாக்கள் நான்கும் மதராஸ் ராஜ்யத்தோடு சேரும் என்று முடிவான பிறகு, நாகர்கோவில் ஆபீசுகளில் ஆளாளுக்குத் தமிழ் தேட ஆரம்பித்தார்கள். அதுநாள் வரை கோப்புகளில் பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். பேசுவதற்குத் தமிழ் இருந்தது. எழுதுவதற்கு யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. இப்போது நிலவரிக்காரர்களுக்குத் தமிழ் வேண்டும், மராமத்துக்காரர்களுக்குத் தமிழ் வேண்டும். வடசேரிச் சந்தைக்குப் பின்னால் ஓட்டுக் கட்டிடம் ஒன்றில் முடங்கிக் கிடந்த ஜனன மரணக் கணக்கு ஆபீசுக்கும் வேண்டும்.

அங்கே அந்த வேலை யேசுதாசன் தலையில் விழுந்தது. தற்காலிக குமாஸ்தாக்களில் அவன்தான் இளையவன். கல்லூரியில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசு வாங்கியிருந்தான். மேலதிகாரி சிவதாணு பிள்ளை ஒரு கத்தை இங்கிலீஷ் காகிதத்தை அவன் மேஜையில் போட்டார்.

“ஜனங்க எப்படிப் பெருகுதுன்னு இதுல இருக்கு ஓய். கல்யாணம் ஆகாத ஆளு நீரு, உமக்கு வேற எப்படித் தெரியப்போகுது? வாசிச்சாவது தெரிஞ்சுக்கிடும்.”

பக்கத்து மேஜைகள் சிரித்தன. யேசுதாசனும் சிரித்து வைத்தான். சிவதாணு பிள்ளையின் ஹாஸ்யத்துக்குச் சிரிக்காத தற்காலிக குமாஸ்தா அந்த ஆபீசில் நிலைத்ததில்லை.

ஆனால் வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. மலையாளக் கோப்பில் ‘ஜனசங்கியா வர்த்தனவு’ என்று கிடந்ததை ‘மக்கள்தொகைப் பெருக்கம்’ என்று எழுதியபோது, பூட்டிக் கிடந்த வீட்டின் ஜன்னலைத் திறந்ததுபோல் இருந்தது. பிறப்பு வீதம், இறப்பு வீதம் என்று எழுதினான். பிறந்தவர்களிலிருந்து இறந்தவர்களைக் கழித்தால் மிஞ்சுவது ‘இயற்கைப் பெருக்கம்’. கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறவனும், மலைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவனும் அதில் சேர மாட்டார்கள், அவர்கள் ‘குடிப்பெயர்ச்சி’. ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் இத்தனை ஜனமும் ஒரு வாசல் வழியாக வந்து இன்னொரு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த வாசல்களுக்குப் பேர் வைக்கிறவன் நான் என்று நினைத்துக்கொள்வான். கோட்டாற்றில் அவன் குடியிருந்த அறைக்கு நடந்து போகும்போது சொற்களை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போவான். எதிரே வருகிறவர்கள் ஜெபம் சொல்கிறான் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டதும் உண்டு.

‘உயிர்ப் பிறப்பு’ என்ற சொல்லில் அவன் நின்றான்.

அதற்கு ஜெனீவாவில் கூடிய வைத்தியர்கள் எழுதிய விளக்கம் நீளமானது. அவன் அதை இப்படித் தமிழாக்கினான்: ‘தாயின் உடம்பை விட்டு முழுவதும் வெளியே வந்தபின், குழந்தை மூச்சு விட்டாலும் சரி, நெஞ்சு துடித்தாலும் சரி, தொப்புள்கொடியில் நாடி அடித்தாலும் சரி, கையோ காலோ தானாக அசைந்தாலும் சரி, இவற்றில் ஒன்று இருந்தாலே அது உயிரோடு பிறந்த குழந்தை.’ எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்வியே இல்லை. ஒரே ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனாலும் அது பிறந்தது, பிறகு இறந்தது.

எழுதி முடித்ததும் அக்காவை நினைத்தான்.

நேசபாய் குளச்சல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த இலுப்பவிளையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் சிலுவைதாசன் பனையேறி. அம்மா செத்த பிறகு யேசுதாசனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தம்பி படித்து முடிக்கட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். பிந்தி நடந்த கல்யாணம். இரண்டு பிள்ளைகள் பெற்றாள், இரண்டும் செத்தே பிறந்தன. ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைக்கு மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. கள்ளி வேலிக்கு வெளியே, பனைகளின் மூட்டில், தகப்பனே குழி வெட்டி மூட வேண்டும். மணி அடிக்க மாட்டார்கள். சிலுவை நட மாட்டார்கள். பேர் கிடையாது. தாய் அந்தப் பக்கம் போகவே கூடாது. இருட்டும் இல்லாத, வெளிச்சமும் இல்லாத ஓர் இடத்தில் அந்தப் பிள்ளைகள் என்றென்றைக்கும் கிடக்கும் என்று ஊர்க் கோயில் உபதேசியார் சொல்லியிருந்தார். வேலிக்கு உள்ளே புதைக்கப்பட்டவர்களைத்தான் மோட்சத்தில் பார்க்க முடியும்.

இப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது.

சிவதாணு பிள்ளை அந்த விளக்கத்தைச் சத்தம்போட்டு வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லாத்தான் இருக்கு. கதாகாலட்சேபம் பண்ணலாம். ஆனா எந்தப் பார்வத்தியக்காரன் ஓய் கொடியைப் பிடிச்சு நாடி பாப்பான்? பகுதிக் கச்சேரியில உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டுப் பெறப்பு எழுதுதவனுக்கு, உள்ள பிரசவ அறையில பிள்ளைக்க கால் அசைஞ்சுதா கை அசைஞ்சுதான்னு எப்படித் தெரியும்?”

“வயத்தாட்டிகிட்ட கேக்கலாமே சார்.”

“வயத்தாட்டி ஆயிரம் சொல்லுவா. பிள்ள செத்தா தன் கையில சாகலன்னு ஒருத்தி சொல்லுவா, தாய்க்க மனசு ஆறட்டும்னு இன்னொருத்தி சொல்லுவா. நம்ம நாட்டுல பிள்ள பெறந்தா முதல்ல என்ன கேப்பாங்க? நீரே சொல்லும்.”

யேசுதாசன் சொன்னான். “கரஞ்சுதாண்ணு கேப்பாங்க.”

“ஆங். கரஞ்சுதா? அதுதான் கேள்வி. முற்றத்துல நிக்கிற தகப்பனுக்கும் கேக்கும், வேலிக்கு அந்தப்பக்கம் நிக்கிறவனுக்கும் கேக்கும். அழுதா உயிரு, அழாட்டா இல்ல. தீந்துது காரியம்.”

“ஆனா மூலத்துல...”

சிவதாணு பிள்ளை நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கும்போதுதான் ஆபீஸ் பயப்படும்.

“மூலம் ஜெனீவாவுல இருக்கட்டும். இங்க கடற்கரைப் பக்கத்துக் கணக்கு எப்படி இருக்குன்னு பாத்தீரா? பெறந்த அன்னைக்கே செத்த பிள்ளைங்க எத்தனை? இதை அப்படியே மதராஸுக்கு அனுப்பினா, நாலு தாலுகாவையும் இத்தனை நாள் ஆண்டவங்க என்னத்த ஆண்டாங்கன்னு முதல் கேள்வி எனக்குத்தான் வரும். பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புதோம். பல்லு விளக்காமலா அனுப்ப முடியும்?”

“அப்போ அந்தப் பிள்ளைங்க கணக்கு, சார்?”

“கணக்குக்கு ஒண்ணும் ஆகாது. நீரு எழுதினதுதானே இயற்கைப் பெருக்கம்? உயிரோட பெறந்து செத்தா, பெறப்புல ஒண்ணு கூடும், சாவுல ஒண்ணு கூடும். கழிச்சா மிச்சம் என்ன? ஒண்ணுமில்ல. செத்தே பெறந்தா ரெண்டுலயும் இல்ல. அப்பவும் மிச்சம் ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணுதான் ஓய். பிறகு எதுக்குக் கெடந்து உருகுதீரு?” அவர் எழுந்தார். “மதராஸ் சர்வீசுக்குப் போற தற்காலிக ஆளுங்க லிஸ்ட் என் கையால போகணும். எல்லாருக்கும் எடமில்ல. தெரியுமில்லியா?”

யேசுதாசனுக்குத் தெரியும். அன்று மாலையே திருத்தி எழுதினான்: ‘பிறந்தவுடன் அழுத குழந்தையே உயிரோடு பிறந்ததாகும். அழாதது செத்துப் பிறந்ததாகும்.’

எழுதும்போது மனசு கூசியது உண்மை. ஆனால் இரண்டாவது தடவை வாசித்தபோது, வாக்கியம் எவ்வளவு சிக்கென்று அமைந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. மூலத்தில் அத்தனை வரி. இங்கே இரண்டே வரி. கொத்தனார் செங்கல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். ஓசை சரியாக இருந்தது. கூச்சம் போய்விட்டது.

அதை ரோஸ் காகிதத்தில் அச்சடித்துப் பகுதிக் கச்சேரிகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். சுடுகாடு, கல்லறைத் தோட்டம், கபர்ஸ்தான் பார்க்கிறவர்களுக்கும் அனுப்பினார்கள். பிணம் புதைத்தால் அவர்கள் எழுதி அனுப்ப வேண்டும். பிறப்பு எழுதாத குழந்தைக்குச் சாவு எழுதி வந்தால் விளக்கம் கேட்கப்படும் என்று அடியில் சிவதாணு பிள்ளை ஒரு வரி சேர்த்திருந்தார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யேசுதாசன் இலுப்பவிளைக்குப் போனான். பூசை கிடையாது, அந்தக் கிளைக்கோயிலுக்குப் பங்குச்சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும் மணி அடிப்பதும் கல்லறைத் தோட்டம் பார்ப்பதும் உபதேசியார்தான். அவர் கோயில் கதவிலேயே ரோஸ் காகிதத்தை ஒட்டி வைத்திருந்தார். யேசுதாசனைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

“நம்ம ஊரு மருமகளுக்க தம்பி எழுதினதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லுதேன் பிள்ளே. பாமரனுக்கும் விளங்குது. சர்க்கார் எழுத்துண்ணா இப்பிடி இருக்கணும்.”

யேசுதாசன் கதவருகே கொஞ்ச நேரம் நின்றான். தன் வாக்கியத்தை அச்சில் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டில் நேசபாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வயிறு பெரிதாக இருந்தது, முகம் ஒடுங்கியிருந்தது. தம்பியைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழப் பார்த்தாள்.

“இரிக்கா, எழும்பாத.”

“எழும்பினாத்தான் உனக்குக் கருப்பட்டிக் காப்பி வரும். மெலிஞ்சிட்டியே மக்கா. கோட்டாத்துல சோறு கிடைக்காதா?” அவள் அடுப்படிக்குப் போய்க்கொண்டே கேட்டாள். “என்னவோ எழுதுதியாமே. உபதேசியாரு ஊரெல்லாம் சொல்லுதாரு.”

அவன் சொன்னான். பிறப்பு, இறப்பு, கழித்தல், பெருக்கம். சொல்லும்போது அவன் குரலில் உற்சாகம் ஏறியது. அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, “எனக்க ரெண்டையும் எதுல எழுதினாங்க?” என்றாள்.

அவன் காப்பியை வாங்கிக்கொண்டான். “அது தனி, அக்கா. அது பெருக்கத்துல வராது.”

“செரி.” அவள் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, “இந்தத் தடவ வயத்தாட்டி கதீஜாத்தாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்றாள். “உபதேசியாரு அவளுக்கு வார்த்தை எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு. ஆபத்து நேரத்துல ஆரு வேணும்ணாலும் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தலாமாம், முஸ்லிமானாலும் செல்லுமாம். பிள்ள வெளிய வந்ததும் உயிரு இருந்தா போதும், மத்த எதையும் பாக்காம முதல்ல தண்ணிய ஊத்து, அன்னம்மாண்ணு பேரு விடுண்ணு சொல்லிட்டேன். ஆணுண்ணா சூசை.”

“நல்லா பெறக்கும் அக்கா. இப்பவே எதுக்கு அந்தப் பேச்சு?”

“பெறக்கும். பெறந்து கெடந்தா எனக்குச் சந்தோசம். கெடக்காட்டாலும் உள்ள வைக்கணும் மக்கா. வெளிய ரெண்டு கெடக்கு. ராத்திரி நாய் குரைச்சா நான் எழும்பி உக்காந்துருவேன். அது போதும் எனக்கு. ஒண்ணாவது உள்ள கெடக்கட்டும்.”

அவளுடைய ஆசை அவ்வளவுதான். யேசுதாசன் தலையை ஆட்டினான். கதவில் ஒட்டியிருந்த காகிதம் அப்போது அவன் நினைவுக்கு வரவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சிலுவைதாசன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். குளச்சல் பஸ்ஸில் வந்திருந்தார். தோளில் போட்டிருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி வாசற்படி நனைந்தது. உள்ளே வரத் தயங்கி, அங்கிருந்தே சொன்னார்.

“மச்சான், பிள்ள பெறந்து தவறிப்போச்சு. பொம்பளப் பிள்ள. நீங்க ஒருக்கா வரணும். உபதேசியாரு கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

யேசுதாசன் எழுந்தான். சிவதாணு பிள்ளை கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“யாரு ஓய்?”

“அக்காவுக்க மாப்பிள்ள, சார். அக்காவுக்குப் பிள்ள பெறந்து...”

“கரஞ்சுதா?” என்று சிவதாணு பிள்ளை கேட்டார்.

வேண்டுமென்று கேட்டதல்ல. இந்த நாட்டில் யாரும் கேட்கிற கேள்விதான் அது; வாயில் தானாக வந்துவிட்டது. சிலுவைதாசன் தரையைப் பார்த்தார். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

“அப்போ பெறந்துன்னு சொல்லாதீரும்” என்றார் சிவதாணு பிள்ளை. யாரோ ஒரு குமாஸ்தா சிரிப்பை அடக்க இருமினான். அவர் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “போயிட்டு வாரும். கஷ்டந்தான், யாரு இல்லைன்னா? ஆனா அங்க போய் ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லி வைக்காதேயும். ஒவ்வொரு ஊர்லயும் கரையாத பிள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கான். ஆபீஸ்காரனே தன் வீட்டுக்கு ஒரு விளக்கம், ஊருக்கு ஒரு விளக்கம்னு ஆரம்பிச்சா, நான் உம்ம பேரை எந்த முகத்தோட எழுதுவேன்? லிஸ்ட் நாளைக்குப் போகுது.”

பஸ்ஸில் இரணியல் தாண்டியதும் சிலுவைதாசன், “வெரலை அசைச்சுதாம்” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “உம்மத்தா பொய் சொல்லமாட்டா” என்றார். வயத்தாட்டி கதீஜா பீவியைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

வீட்டு முற்றத்தில் ஓலைப் பந்தலுக்குக் கீழே உபதேசியார் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கதீஜா பீவி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்கு அந்தப்பக்கம் அக்கா படுத்திருக்கிறாள், எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யேசுதாசனுக்குத் தெரிந்தது.

“நீ சொல்லு உம்மா” என்றார் உபதேசியார். “இவருகிட்டயும் சொல்லு.”

“எத்தனை மட்டம் சொல்லுகது? பிள்ளைக்கு உசுரு இருந்துச்சு. நெஞ்சு குருவிக்குஞ்சுக்கு அடிக்கது மாதிரி அடிச்சுச்சு. எனக்க இந்த வெரலைப் புடிச்சுது.” அவள் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள். “மூச்சு வந்துச்சு, போச்சு. பெறகு ஒருக்கா வந்துச்சு. நான் நீங்க சொல்லித் தந்த வார்த்தைய அப்படியே சொல்லித் தண்ணிய ஊத்தினேன். அன்னம்மாண்ணு விளிச்சேன். விளிச்ச பெறகுதான் வெரலை விட்டுது.”

“கரஞ்சுதா?”

“கரையதுக்கு அதுக்கு எங்க சீவன்? காலைப் புடிச்சுத் தூக்கி அடிச்சும் பாத்தேன். கரையல.”

உபதேசியார் யேசுதாசன் பக்கம் திரும்பினார். கெட்ட மனுஷன் அல்ல அவர். ஆனால் சர்க்கார் கடுதாசிக்கும் சாமியாரின் கோபத்துக்கும் ஒரே அளவில் பயப்படுகிறவர்.

“பாத்துக்கிடும் பிள்ளே. உயிருள்ள பிள்ளைக்கு ஊத்தினா அது ஞானஸ்நானம். உயிரில்லாததுக்கு ஊத்தினா வெறும் தண்ணி. ஞானஸ்நானம்ணா இப்பவே மணி அடிச்சு உள்ள வைக்கலாம். வச்சா நான் சாவுண்ணு எழுதி அனுப்பணும். அழாத பிள்ளைக்குப் பெறப்பு எழுத மாட்டேன்னு பார்வத்தியக்காரரு சொல்லிப்போட்டாரு. பெறக்காம எப்படிடா செத்துதுண்ணு உம்ம ஆபீசுல இருந்து எனக்குத்தான் கடுதாசி வரும். சாமியாரும் அதைத்தான் கேப்பாரு.” அவர் மடியிலிருந்து ரோஸ் காகிதத்தை எடுத்தார். மழையில் நனையாமல் இருக்கக் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். “ஆனா எழுதினவரு நீரு. அழுகைண்ணு ஒரு பேச்சுக்குத்தான் போட்டது, வெரலை அசைச்சாலும் உயிருதான்னு நீரு ஒரு வார்த்தை சொல்லும். கடுதாசி வந்தா உம்ம பேரைச் சொல்லிக்கிடுதேன். இப்பவே குழி வெட்டச் சொல்லுதேன்.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சிலுவைதாசன், வயத்தாட்டி, உபதேசியார். பாதி சாத்திய கதவும் பார்த்தது.

கையோ காலோ தானாக அசைந்தாலும் சரி. அவன் எழுதிய வாக்கியம்தான் அது. ஜெனீவாவில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத வைத்தியர்கள் இந்தப் பிள்ளையை நினைத்தே எழுதியதுபோல் இருந்த வாக்கியம். அதைச் சொல்வதற்கு அவனுக்குப் புதிதாக ஒரு சொல்லும் தேவையில்லை. வாயைத் திறந்தால் போதும், தானாக வரும். அவன் மழையைப் பார்த்தான். நாளைக்கு லிஸ்ட் போகிறது.

“எழுதினது எழுதினபடிதான் உபதேசியாரே” என்றான்.

“அப்பிடிண்ணா?”

“அழலியே.”

மறுநாள் போன லிஸ்டில் அவன் பேர் இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடலாம். பின்னால் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உபதேசியார் பெருமூச்சு விட்டார். அதில் வருத்தமும் இருந்தது, தலைக்கு வந்தது போன நிம்மதியும் இருந்தது. கதீஜா பீவி எழுந்தாள். “நான் அம்பது பிள்ளைக்கு மேல கண்டவ. உசுரு எது, சவம் எதுண்ணு காயிதம் பாத்தா தெரிஞ்சுக்கிடணும்?” என்று சொல்லிவிட்டு, மழைக்குள்ளேயே இறங்கி நடந்தாள்.

யேசுதாசன் உள்ளறைக்குப் போனான். நேசபாய் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜம்பரின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பால் கட்ட ஆரம்பித்திருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். அவன் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான். வாயில் வந்தது சிவதாணு பிள்ளையின் கணக்குத்தான்.

“ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. அப்பிடி எழுதினாலும் இப்பிடி எழுதினாலும் கடைசியில கணக்கு ஒண்ணுதான். ஒண்ணும் குறையாது.”

நேசபாய் அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கண் தெரியாத ஒருத்தி தடவிப் பார்ப்பதுபோல் நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“உனக்க அத்தான் ரெண்டு மட்டம் வெட்டிட்டாரு” என்றாள். “இது அவரால ஆவாது. நீ கொண்டு போ.”

“நானா?”

“நீதான் வெளியேண்ணு சொன்ன. வெளிய கொண்டு வைக்கதுக்கு ஆளு வேண்டாமா?”

சிலுவைதாசன் மண்வெட்டியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

பெட்டிக்கு எடை இல்லை. அதுதான் யேசுதாசனுக்குத் தாங்கவில்லை. கோயிலைச் சுற்றிக் கள்ளி வேலியோரமாகப் போனான். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த சிலுவைகள் மழையில் நனைந்து நின்றன. இந்தப் பக்கம் பனைகள். எங்கே வெட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை. பனைவேர் மண்வெட்டியை உதறித் தள்ளியது. நாலு இடத்தில் வெட்டிப் பார்த்து, மண் இளகியிருந்த இடத்தில் ஆழமாக வெட்டினான். அங்கே ஏன் மண் இளகியிருந்தது என்று, மண்வெட்டியின் நுனியில் ஒரு நீலத் துணி நாடா சுற்றிக்கொண்டு வந்தபோதுதான் புரிந்தது. அக்காவின் பழைய சேலை. அந்தச் சேலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் பள்ளிக்கூடம் போனான். அவன் நாடாவை உள்ளே தள்ளி மண்ணை மூடினான். பிறகு தள்ளிப்போய், வேர்களோடு மல்லுக்கு நின்று, கை தோலுரிய ஒரு குழி வெட்டினான். ஆழம் போதாது என்று தெரிந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

வேலிக்கு உள்ளே உபதேசியார் குடை பிடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை வைத்து மூடியதும், “கல்லு ரெண்டு எடுத்து மேல வையும் பிள்ளே” என்றார். “நாய் வரும்.”

அவன் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. முழங்கை வரை செம்மண். வேட்டியெல்லாம் சேறு. சாவு வீட்டிலிருந்து புதைக்கப் போய் வந்தவன் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அவன் நேராகக் கிணற்றடிக்குப் போய் வாளியை உள்ளே விட்டான்.

“எதுக்குக் குளிக்க?”

நேசபாய் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிலுவைதாசன் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருந்தார்.

“குளிச்சிட்டு வாறேன் அக்கா.”

“துட்டி வீட்டுலதான் குளிப்பாங்க. இங்க ஆரு செத்தா?”

அவன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

“சொல்லு மக்கா. படிச்சவன்லா. இந்த வீட்டுல இன்னைக்கு ஆராவது செத்தாங்களா?”

அவன் கயிற்றை விட்டான். அவள் புருஷனிடம், “அவனுக்குச் சோறு போடுங்க. காலையில வச்ச சோறு அப்படியே கிடக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

“கையை மட்டுமாவது கழுவிக்கிடுதேன் அக்கா.”

“மண்ணுதானே? நம்ம விளை மண்ணு. வந்து உக்காரு.”

இலை போட்டார்கள். சோறும், முந்தின நாள் மீன் குழம்பும். நேசபாய் அவன் எதிரில் சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். அவன் கையை நீட்டினான். விரல்களிலிருந்து செம்மண் சோற்றில் கரைந்து இறங்கியது. நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இப்படித்தான் எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் விடமாட்டாள்.

அவன் பிசைந்து வாயில் வைத்தான். பல்லில் மண் நறநறத்தது. விழுங்கினான்.

“இன்னும் கொஞ்சம் போடுங்க அவனுக்கு” என்றாள் நேசபாய்.